மச்சம் போன காலும் பதினான்கு மாதப் பென்ஷனும்

எங்கள் சித்தூர் சபையில் ஒரு பெரியவருக்குக் கால் கட்டைவிரலில் ஆறாத புண். ஆஸ்பத்திரி என்ற பேரை எடுத்தாலே, "போனா வெட்டிடுவாங்க" என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். எங்கள் போதகர் என்னைக் கூப்பிட்டு, "ஞானமுத்து, உமக்கு நெசமாவே வெட்டினாங்களே. நீரே போய்ச் சொல்லும்" என்றார். போய்ச் சொன்னேன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தது, விளக்கேற்றும் நேரம் வரைக்கும் ஓடியது. கடைசியில் அவர் சிரித்த சிரிப்பில் கட்டிலை விட்டுவிட்டார். மறுநாள் காலையில் வண்டி கட்டச் சொன்னாராம். அவருக்கு விரல்கூடப் போகவில்லை, களிம்பிலேயே ஆறிவிட்டது. அதைக் கேள்விப்பட்ட போதகர், "அவருக்குச் சொன்னதை அப்படியே எழுதிக் கொடும். பயப்படுகிற வேற யாராவது படிக்கட்டும்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நான் சர்வே இலாகாவில் செயின்மேனாக இருந்தவன். நிலம் அளக்கிற சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு காடு மேடெல்லாம் நடப்பதுதான் வேலை. பதினோரு வருஷம் நடந்தேன். எங்கள் சர்வேயர் சுந்தரமூர்த்தி நல்ல மனிதர். கணக்கில் ஓர் அங்குலம் பிசகினாலும் மறுபடி அளக்கச் சொல்வாரே தவிர, வாய் தவறி ஒரு கடுஞ்சொல் வராது.

அன்றைக்கு நாகலாபுரம் பக்கம் ஒரு சரிவில் எல்லைக்கல் நட்டுக்கொண்டிருந்தோம். கல் ஏற்றிய மாட்டுவண்டியின் அச்சாணி கழன்றது. வண்டி சாய்ந்து, மேலே இருந்த கல் ஒன்று உருண்டு வந்து என் இடது பாதத்தின் மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு வலியே இல்லை. "சார், கல்லு என் கால் மேல கீது" என்று நான் சாதாரணமாகச் சொன்னேனாம். சுந்தரமூர்த்தி பின்னால் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

எலும்பு முறிந்தால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் புத்தூர்தான். வண்டியில் வைக்கோல் போட்டு என்னைக் கிடத்திப் புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கட்டுக் கட்டுகிற வைத்தியர் துணியை விலக்கிப் பார்த்தார். தோல் கிழிந்து, எலும்பு முனை வெளியே தெரிந்தது. மூங்கில் பத்தையைக் கையில் எடுத்தவர் அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"மூடின முறிவுன்னா நான் கட்டிடுவேன். இது திறந்த முறிவு. உள்ள மண்ணு போயிருக்குது. நான் கட்டினா உள்ளயே அழுகும். இப்பவே ரயிலைப் பிடிச்சித் திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். காசும் வாங்கவில்லை. தன்னால் ஆகாது என்று சொல்லத் தெரிந்த அந்த மனிதரை நான் இன்றைக்கும் ஜெபத்தில் நினைக்கிறேன்.

ரேணிகுண்டாவில் வண்டி மாறித் திருப்பதி போய்ச் சேர்ந்தோம். சித்தூருக்குத் தந்தி போய், என் மனைவி எஸ்தர் மறுநாள் பாகாலா வழியாக வந்துவிட்டாள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு அடுப்பு, ஒரு வேதாகமம், ஒரு முறம். முறம் எதற்கு என்று கேட்டேன். "ஆஸ்பத்திரின்னா எத்தினி நாளோ. அரிசியில கல்லு பொறுக்காம எப்படி?" என்றாள். கல்லால் வந்த வினையில் படுத்திருந்த எனக்கு அப்போதுதான் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

டாக்டர் தெலுங்குக்காரர். உயரமான மனிதர், மெல்லிய குரல். "பயப்படொத்து" என்று சொல்லிக்கொண்டேதான் எதையும் செய்வார். பயப்படாதே என்று அர்த்தம். அவர் அதைச் சொன்னதும் நான் பயப்பட ஆரம்பித்துவிடுவேன். புண்ணைக் கழுவினார். மண் பட்ட காயத்தில் தாடை இறுகும் ஜன்னி வராமலிருக்கத் தொடையில் பெரிய ஊசி போட்டார். சிறுநீரைக் குழாயில் எடுத்து, நீல மருந்தில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார்கள். நிறம் மாறிச் செங்கல் போல ஆனால் உடம்பில் சர்க்கரை இருக்கிறது என்று அர்த்தமாம், அப்படிப்பட்டவர்களுக்குப் புண் ஆறாதாம். எனக்கு நீலம் நீலமாகவே நின்றது. எஸ்தர் அந்தக் குழாயைப் பார்த்து, "நல்ல கலரு" என்று கம்பவுண்டரிடமே சொன்னாள்.

ஆனாலும் நான்காம் நாள் விரல்கள் கறுத்தன. டாக்டர் ஒரு குண்டூசியை எடுத்துப் பெருவிரலில் குத்தி, "தெலுசுத்துந்தா? தெரியிதா?" என்றார். தெரியவில்லை. பாதத்தின் நடுவில் குத்தினார். தெரியவில்லை. குதிகாலிலும் தெரியவில்லை. கணுக்காலுக்கு மேலே குத்தினதும் நான் கத்தினேன். அவர் முகத்தில் சந்தோஷம். "கத்து, நல்லாக் கத்து. அந்த இடம் வரைக்கும் காலுக்கு உயிர் இருக்குது" என்றார்.

பிறகு பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். இரத்தம் போகாத சதை செத்துப்போகும். செத்த சதை அழுகி, விஷம் மேலே ஏறும். இதற்குக் கேங்கிரீன் என்று பேர். விஷத்தைவிட வேகமாக நாம் போக வேண்டும். அது குதிகாலில் இருக்கும்போதே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் முழங்கால் மிஞ்சும். முழங்கால் மிஞ்சினால் பொய்க்கால் போட்டு நடக்கலாம். இரண்டு நாள் தாமதித்தால் தொடையில் எடுக்க வேண்டும்.

"இல்லாங்காட்டி?" என்றேன்.

"இல்லாங்காட்டி நீ உன் சாமிகிட்ட, நான் வேற பேஷண்டுகிட்ட" என்றார்.

சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட எடுத்த பேனாவை மறுபடி கீழே வைத்தேன். பதினோரு வருஷம் கால்தான் எனக்குச் சோறு போட்டது. எஸ்தர் பேனாவை எடுத்துக் கொடுத்து, என் விரல்களோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அன்றைய கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியாதபடி இருந்தது. அவள் மட்டும், "நம்ம கல்யாணத்துல போட்டதவிட நல்லாக் கீது" என்றாள்.

மறுநாள் காலை மேஜைமேல் படுக்கவைத்து, மூக்கின்மேல் துணி மூடிய கம்பிக் கூடையை வைத்து, சொட்டுச் சொட்டாகக் குளோரோபாரம் விட்டார்கள். தித்திப்பான, தலை சுற்றுகிற வாசனை. எண்ணச் சொன்னார்கள். எங்கள் சங்கிலிக்கு நூறு வளையம். நான் வளையம் எண்ணுவதாக நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். பதினேழாவது வளையத்தில் சங்கிலி கை நழுவிவிட்டது.

கண் விழித்தபோது வாயெல்லாம் கசப்பு. போர்வையின் இடது பக்கம் தட்டையாகக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலைப் பத்தி என்கிட்ட யாரும் ஒண்ணும் பேசாதீங்க" என்று சொன்னேன். எஸ்தர் சரியென்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை அவள் எவ்வளவு கெட்டியாகக் காப்பாற்றினாள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

என் பக்கத்துக் கட்டிலில் ஏகாம்பரம் என்று நகரியைச் சேர்ந்த பாரவண்டிக்காரர். அவருக்கும் என்னைப் போலவே, அதே நாளில், இடது கால். வண்டிச் சக்கரம் ஏறினதாம். முதல் மூன்று நாள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம். நாலாம் நாள் அவர் திரும்பி என்னைப் பார்த்து, "யோவ், நம்ம ரெண்டு பேருல ஒருத்தனுக்கு வலது கால் போயிருக்கக் கூடாதா?" என்றார்.

"ஏன்யா?"

"ஒரு ஜோடி செருப்பு வாங்கி ஆளுக்கு ஒண்ணு போட்டுக்கினு இருக்கலாமே. இப்ப ரெண்டு ஜோடி வாங்கி ரெண்டு இடது செருப்பத் தூக்கி எறியணும்."

நான் சிரித்ததில் தையல் வலித்தது. நர்ஸ் ஓடிவந்து அவரைத்தான் திட்டினாள். அன்றிலிருந்து அந்த வார்டு எனக்கு வார்டாகத் தெரியவில்லை.

இல்லாத கால் அரிக்கும் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. பத்தாம் நாள் பகலில் இடது பாதத்தின் அடியில் தாங்கமுடியாத அரிப்பு. பாதமே இல்லை, அரிப்பு மட்டும் இருக்கிறது. புத்தி கெட்டுவிட்டதோ என்று பயந்து எஸ்தரிடம் மெல்லச் சொன்னேன். அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, வெறும் போர்வைமேல் விரலால் சொறிந்தாள்.

"இங்கியா?"

"இன்னும் கொஞ்சம் கீழ."

"இங்கியா?"

"அங்கதான்."

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, அரிப்பு அடங்கியது. டாக்டரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. வெட்டிய நரம்பின் முனை இன்னும் பழைய சேதியையே மூளைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும், நாளாக ஆக மறந்துவிடும் என்றார். ஏகாம்பரத்தின் தங்கை இதைப் பார்த்துவிட்டுத் தன் அண்ணனுக்கும் அப்படியே சொறிந்தாள். கொஞ்ச நாளில் பக்கத்து வார்டிலிருந்துகூட எஸ்தரிடம் வந்து எப்படிச் சொறிவது என்று கேட்டுப் போனார்கள்.

மலைக்குப் போய்வந்த யாரோ ஏகாம்பரத்துக்கு ஒரு லட்டு கொண்டுவந்தார்கள். அதில் பாதியைப் பிட்டு எனக்குக் கொடுத்தார். எங்கள் சபையில் படைத்ததைச் சாப்பிடுவதில்லை. அவர் மனம் நோகக்கூடாதென்று வாங்கித் தலைமாட்டில் வைத்தேன். மறுநாள், "லட்ட எறும்பு துன்னுடுச்சி" என்று எஸ்தரிடம் சொன்னேன். அவள் என் மீசையைப் பார்த்துவிட்டு, "பெரிய எறும்பு போல" என்றாள். அதோடு விட்டுவிட்டாள்.

கட்டிலுக்குக் காசு இல்லையென்றாலும், பாலுக்கும் முட்டைக்கும் பஞ்சுக்கும் எஸ்தரின் அறை வாடகைக்கும் செலவாகிக்கொண்டே இருந்தது. எங்கள் ஆடுகள் போயின. அவள் மூக்குத்தி போனதை அவள் சொல்லவில்லை, அவள் முகத்தைப் பார்த்து நானாகத் தெரிந்துகொண்டேன். சுந்தரமூர்த்தி இரண்டு முறை மணியார்டர் அனுப்பினார். கூப்பனில், "சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்க ஆள் சரியில்லை" என்று மட்டும் எழுதியிருந்தார்.

ஏழு வாரத்தில் ஊன்றுகோல்களோடு சித்தூர் திரும்பினேன். இலாகா என்னை வேலைக்குத் தகுதியற்றவன் என்று நீக்கியது. வேலையில் இருக்கும்போது ஊனமானால் பென்ஷன் உண்டு என்று சுந்தரமூர்த்திதான் விண்ணப்பம் எழுதினார். டாக்டர்கள் குழு மூன்று பேராக உட்கார்ந்து, இல்லாத காலைச் சுற்றிச் சுற்றி அளந்தார்கள். "விபத்தின்போது குடித்திருந்தாரா?", "கல் யாருடையது?" என்றெல்லாம் கேள்வித்தாள் வந்தது. கல் சர்க்காருடையது என்று எழுதினோம். காகிதங்கள் மெட்ராசுக்குப் போயின. போனவை போனவைதான்.

ஒரு வருஷம் தாண்டியபோது எங்களுக்கு ஒரே ஒரு கதவு திறந்தது. மிஷன் போர்டிங் பள்ளியில் ஸ்டோர் பார்த்துக்கொள்ளும் வேலை. அரிசி, பருப்பு, விறகு எல்லாவற்றுக்கும் பொறுப்பு. இரண்டு கையும் சும்மா இருந்தால்தான் மூட்டையை நிறுக்க முடியும், ஊன்றுகோலோடு முடியாது. "பொய்க்கால் போட்டு நடக்கக் கத்துக்கோ. விடுமுறை முடிஞ்சு பள்ளி திறக்கிறதுக்குள்ள வந்தா வேலை உனக்கு. இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவேன்" என்றார் பள்ளி மானேஜர். பொய்க்கால் மெட்ராசில் செய்வித்து வர வேண்டும். அதற்குக் காசு பென்ஷனிலிருந்துதான் வர வேண்டும்.

வேலை போய்ப் பதினான்கு மாதம் ஆனபோது ஆர்டர் வந்தது. மாதம் ஆறு ரூபாய், வேலையிலிருந்து நீங்கிய நாள் முதல். எஸ்தர் அந்த 'முதல்' என்ற வார்த்தையை மூன்று முறை வாசித்தாள். அப்படியானால் பதினான்கு மாதப் பாக்கியும் மொத்தமாகக் கையில் வரும். கால் வரும், வேலை வரும். பள்ளி திறக்க ஏழு வாரம் இருந்தது.

மறுநாளே சித்தூர் டிரஷரிக்குப் போனோம். கவுண்ட்டருக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட குமாஸ்தா, கெட்ட மனிதர் இல்லை, காகிதத்தில் இருப்பதைத் தவிர உலகத்தில் எதையும் நம்பாதவர். ஆர்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடையாளப் பத்திரத்தைப் பார்த்தார்.

"அடையாளம் சரிபார்க்கணும். ஒண்ணு, இடது கணுக்காலுக்கு நாலு விரக்கடை மேல கறுப்பு மச்சம். ரெண்டு, இடது முன்னங்காலில் தழும்பு. காட்டுய்யா."

நான் வேட்டியைக் கொஞ்சம் தூக்கினேன். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் முடிந்ததும் காற்றுதான்.

"எங்க மச்சம்?"

"காலோட போச்சு சார்."

"தழும்பு?"

"அதுவும் அதுலதான் சார்."

வேலைக்குச் சேர்ந்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது. நான் படிமேல் நின்றேன், அடையாளம் எழுதிய குமாஸ்தா கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணுக்கு நேரே இருந்தது என் இடது கால். நிமிர்ந்து பார்க்கச் சோம்பல் பட்டு இரண்டு அடையாளத்தையும் அதிலேயே முடித்துவிட்டார்.

"சார், அந்தக் கால் போனதுக்குத்தானே இந்தப் பென்ஷனே" என்றேன்.

"இருக்கலாம். ஆனா அந்தக் கால் போனவன் நீதான்னு நான் எப்படி எழுதறது? காலு போனவன் ஊர்ல பல பேரு. மச்சம் இருந்தாதான் நீ ஞானமுத்து." கொஞ்சம் யோசித்தார். "ஆஸ்பத்திரியில அந்தக் காலை வெச்சிருப்பாங்களா?"

கேலி இல்லை. மனப்பூர்வமாகத்தான் கேட்டார். புது அடையாளப் பத்திரம் வேண்டுமானால் காகிதம் மறுபடி மெட்ராசுக்குப் போக வேண்டும் என்றார்.  வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில்கூட அழாதவன் அங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது."

"இன்னா?"

"உங்க காலு எங்க கீதுன்னு எனக்குத் தெரியும்."

ஆபரேஷன் நடந்த அன்று மாலை, வார்டு ஆள் இரண்டு சாக்கு மூட்டையை வராந்தாவில் கொண்டுவந்து வைத்து, எரிக்கப் போகிறோம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றானாம். எரிப்பது நம் வழக்கம் இல்லையே என்று எஸ்தருக்கு மனசு கேட்கவில்லை. ஒன்று என்னுடையது, ஒன்று ஏகாம்பரத்துடையது. இரண்டும் இடது. எது யாருடையது என்று அவனுக்கே தெரியவில்லை. ஏகாம்பரத்தின் தங்கை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். எஸ்தர்தான் இரண்டையும் பிரித்துப் பார்த்திருக்கிறாள்.

"பாதம் கறுத்துப் போயிருந்துது. மேல நம்ம நெறம்தான். மச்சத்தப் பாத்ததும் கண்டுக்கினேன். தழும்பும் இருந்துது. இன்னொண்ண அந்தப் பொண்ணுகிட்ட குடுத்தேன். மாத்தி எடுத்துக்கினு போயிருந்தா உங்க காலு நகரி சுடுகாட்டுல வெந்திருக்கும்."

அதைத் துணியில் சுற்றி, ஒற்றை ஆளாக, திருப்பதி சபையின் உபதேசியாரிடம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அவருக்கு ஆரோன் என்று பேர், வயதானவர். காலுக்கு அடக்க ஆராதனை உண்டா என்று புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாராம். இல்லை. அதனால் சின்னதாக ஒரு ஜெபம் மட்டும் செய்து கல்லறைத் தோட்டத்து மூலையில் புதைத்தார். பிறகு பதிவேட்டை எடுத்து எழுதினார். எதையும் எழுதாமல் விட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"நீங்க பேசாதன்னு சொன்னீங்க. கல்லறைக்குப் பாதி வழி போயிட்டோம்னு பயந்துக்குவீங்களோன்னு நானும் சொல்லல."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பூனைக்குட்டி செத்துக் கிடந்தால் சுற்றிக்கொண்டு போகிறவள் அவள். எனக்குத் திட்ட வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். டிரஷரி வராந்தாவில் அப்படி உட்காருவது எங்கள் காலத்தில் வழக்கமில்லை. போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மறுநாள் திருப்பதி. டாக்டர் ஆபரேஷன் பதிவேட்டைப் பார்த்து, இந்த ஆளுக்கு இந்தக் காலை நான்தான் எடுத்தேன் என்று சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். ஆனால் மச்சத்தை அவர் கவனித்திருக்கவில்லை. ஆரோன் உபதேசியார் தன் பதிவேட்டிலிருந்து ஒரு நகல் எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது இப்போதும் என் பெட்டியில் இருக்கிறது:

"பெயர்: ஞானமுத்து, இடது கால் மட்டும். வயது: முப்பத்திநான்கு. மரணத்தின் காரணம்: கல் விழுந்து அழுகியது. அடையாளம்: கணுக்காலுக்கு மேல் மச்சம், முன்னங்காலில் தழும்பு, மனைவி பார்த்து உறுதி கூறினாள். குறிப்பு: மற்ற பாகங்கள் உயிரோடு ஆஸ்பத்திரியில் இருக்கின்றன, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

இரண்டு காகிதத்தையும் டிரஷரியில் நீட்டினேன். குமாஸ்தா உபதேசியாரின் தாளை முதலில் எடுத்தார். தலைப்பில் 'அடக்கப் பதிவு' என்று இருந்தது, அதன் கீழே என் பேர். அதற்குமேல் அவர் வாசிக்கவில்லை. முகத்தில் துக்கம் வந்தது.

"எப்போ தவறிட்டாரு?"

"யாரு சார்?"

"ஞானமுத்து." பேனாவை எடுத்துப் பென்ஷன் புத்தகத்தைத் திறந்தார். "செத்தவருக்குப் பென்ஷன் நின்னுடும். பாக்கி வேணும்னா வாரிசு மனு போடணும்."

"சார், நான்தான் ஞானமுத்து!"

"அதைத்தான்யா இன்னும் நிரூபிக்கலியே."

அவர் சிவப்பு மையில் பேனாவைத் தோய்ப்பதைப் பார்த்ததும் எஸ்தர் கவுண்ட்டரைத் தட்டினாள். சபையில் பாட்டுக்குக்கூட வாய் திறந்து பாடாதவள். "ஐயா! அந்தச் செவப்பு மையால எழுதினீங்கன்னா நான் இந்த எடத்தவுட்டு நகர மாட்டேன். உயிரோட கீறவர இன்னாத்துக்குச் சாவடிக்கிறீங்க? முழுசாப் படிங்க!" என்று போட்ட சத்தத்தில் உள்ளேயிருந்த டிரஷரி அதிகாரியே எழுந்து வந்துவிட்டார்.

"ஏமி கொடவ? என்ன சத்தம்?"

குமாஸ்தா எழுந்து நின்று தாளை நீட்டினார். அதிகாரி நின்றபடியே வாசித்தார். 'இடது கால் மட்டும்' என்ற இடத்தில் புருவம் உயர்ந்தது. 'மற்ற பாகங்கள்' வந்தபோது உதட்டைக் கடித்தார். 'ஸ்தோத்திரம்' வந்ததும் அடக்க முடியவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். ஆபீசே எழுந்து பார்த்தது. அந்தக் குமாஸ்தாவுக்கும் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், சிரித்து அவருக்குப் பழக்கமில்லை, விக்கல் எடுத்தது.

அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு எஸ்தரைப் பார்த்தார். குரல் மாறியிருந்தது. "நீங்களே பிரிச்சுப் பார்த்தீங்களாம்மா?"

"ஆமாங்க."

 அவர் என் சர்வீஸ் புத்தகத்தை வரவழைத்து, என் பெருவிரலில் மை தடவி வைக்கச் சொல்லி, பழைய ரேகையோடு பூதக்கண்ணாடியில் ஒப்பிட்டார். மூன்று சான்றும் ஒத்துப்போகின்றன, மெட்ராசுக்கு எழுத வேண்டாம், தன் பொறுப்பில் கொடுக்கலாம் என்று குறிப்பு எழுதினார். கடைசியில் புது அடையாளப் பத்திரத்தை எடுத்தார்.

"இந்தத் தடவை நல்ல இடமாப் பார்த்து எழுதுவோம். கையில வேணாம். காலில வேணவே வேணாம். கழுத்துல ஏதாவது இருக்கா?"

சின்ன வயசில் கட்டி அறுத்த தழும்பு இருந்தது. காட்டினேன்.

"அதை எழுதுய்யா" என்று குமாஸ்தாவிடம் சொன்னார். "அது போச்சுன்னா இவரும் பென்ஷன் கேட்டு வரமாட்டாரு."

எண்பத்துநான்கு ரூபாயையும் எஸ்தர்தான் எண்ணி வாங்கினாள். முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, வீடு வரைக்கும் அதன்மேல் கை வைத்தபடியே நடந்தாள்.

பொய்க்கால் நான்கு வாரத்தில் வந்தது. மரமும் தோலும் வார்களும், முழங்காலுக்குக் கீழே மாட்டிக்கொள்வது. முதல் நாள் மூன்று தரம் விழுந்தேன். மொட்டைக்காலில் தோல் உரிந்தது. விளக்கெண்ணெய் தடவித் துணி சுற்றி மறுபடி மாட்டினேன். எஸ்தர் முற்றத்தில் கோடு கிழித்து, இன்றைக்கு இது வரைக்கும், நாளைக்கு அது வரைக்கும் என்று அளந்து வைப்பாள். பள்ளி திறந்த அன்று காலையில் நான் ஸ்டோர் அறையில் இரண்டு கையாலும் அரிசி மூட்டையைத் தராசில் ஏற்றினேன். மானேஜர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வருஷக் கடைசியில் எஸ்தரும் நானும் திருப்பதிக்குப் போனோம். குழி வெட்டினவனுக்கு அவள் அப்போது கொடுக்காமல் விட்ட கூலியைக் கொடுக்க வேண்டியிருந்தது. அதோடு எனக்கும் ஒருதரம் பார்க்க வேண்டும் போல இருந்தது. ஆரோன் உபதேசியார் கைத்தடியோடு முன்னால் நடந்து, கல்லறைத் தோட்டத்து மூலைக்கு அழைத்துப் போனார். ஒரு வேப்பங்கன்றின் பக்கத்தில் முழ நீளத்துக்கு மண் மேடு. நான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன். பயம் வரவில்லை. நாகலாபுரம், நகரி, புத்தூர் என்று எத்தனை மேடு ஏறிய கால் அது. நன்றாக வேலை செய்தது, இப்போது இளைப்பாறுகிறது என்றுதான் தோன்றியது.

உபதேசியார் தடியால் பக்கத்திலிருந்த வெற்றிடத்தைத் தட்டிக் காட்டினார். "இந்த இடத்தை யாருக்கும் கொடுக்காம வெச்சிருக்கேன், ஞானமுத்து. மிச்சமும் வர்றப்போ ஒண்ணாச் சேர்த்திடலாம். பதிவேட்டுலயும் ரெண்டு வரி காலியா விட்டிருக்கேன்."

நான் பதில் சொல்வதற்குள் எஸ்தர் என் கையைப் பிடித்து ரயிலடிப் பக்கம் திருப்பிவிட்டாள்.

"ரொம்ப சந்தோஷங்க. ஆனா அவரு நாளைக்கு வேலைக்குப் போவணும்" என்றாள்.